திசுச் சோதனையும் காத்திருக்கும் நாள்களும்

(மாங்காட்டில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். ஆயின் குடும்பங்கள் ஒருங்கே கூடும் நாள் ஆண்டில் ஒன்றோ இரண்டோதான். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து தொழிலின் பொருட்டுச் சென்னைக்கு வந்து, இன்று மாங்காடு, பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி எனப் பரவி வாழும் உறவினர் ஒருவரையொருவர் காண்பதே இத்தகைய நாள்களில்தான். குடும்பமாகக் கேட்க வேண்டிய செய்தியைக் குடும்பமாகக் கூடியிருக்கும்போதே சொல்வது பொருந்தும்.

உடலில் உள்ள மச்சம் ஒன்று ஐயத்துக்கு இடமாகிறது. மருத்துவர் அதனை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். முடிவு வருவதற்குச் சில நாள்கள் ஆகும் என்கிறார். நோயைப் பற்றிய நூல்கள் உண்டு. சிகிச்சையைப் பற்றிய நூல்களும் உண்டு. இடைப்பட்ட அந்த ஏழெட்டு நாள்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு வீட்டின் அமைதி குலைவதோ அந்த நாள்களில்தான். ஆகவே அவற்றைப் பற்றியதே இவ்வுரை.

மாறாத ஒன்று மாறும்போது

தமிழ்நாட்டில் மச்சத்துக்கு இரண்டு வகையான மதிப்பு உண்டு. முதலாவது சோதிடம் தந்தது. பேறு பெற்றவனைக் கண்டால், 'அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம்' என்பது உலக வழக்கு. இன்ன இடத்து மச்சத்துக்கு இன்ன பலன் என்று பஞ்சாங்கங்களும் கூறும். இரண்டாவது பள்ளிக்கூடம் தந்தது. மாற்றுச் சான்றிதழில் 'அங்க மச்ச அடையாளங்கள்' என்னும் இடத்தில், இடக் கன்னத்தில் ஒன்று, வல முழங்கையில் ஒன்று என்று எழுதி வைப்பர். முகம் மாறினாலும் மச்சம் மாறாது என்னும் நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் உயிரணுக்கள் மெலனோசைட்டுகள் எனப்படும். அவை ஓரிடத்தில் திரண்டு நிற்பதே மச்சம். ஒருவர் உடலில் பத்து, இருபது, அதற்கு மேலும் இருப்பது இயல்பே. அவ்வணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது உண்டாவது மெலனோமா என்னும் புற்றுநோய். இந்தியாவில் இஃது அரிய நோய். ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் இதனை அறியாத குடும்பம் இல்லை எனலாம். இங்கு அரிதாக இருப்பதால் எவரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்காததால் காலம் தாழ்த்தி வருகின்றனர்.

எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் நான்கு அடையாளங்களை வகுத்தனர். பின்னர் ஐந்தாவது ஒன்று சேர்க்கப்பட்டது. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியை ஒத்திராமை. விளிம்பு ஒழுங்கின்றிச் சிதைந்திருத்தல். ஒரே மச்சத்தில் கருமை, பழுப்பு, நீலம் எனப் பல நிறம் காணுதல். 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், அதாவது பென்சில் முனையிலுள்ள அழிப்பானை விடப் பெரிதாதல். காலப்போக்கில் மாறிக்கொண்டே இருத்தல் என்பன அவை. ஐந்தனுள்ளும் இறுதியானதே தலையாயது. நாற்பது வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளியும், குருதி கசியும் மச்சமும், ஆறாத கருநிறப் புண்ணும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையே.

உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

வெண்ணிறத் தோலினர்க்கு இந்நோய் பெரும்பாலும் வெயில் படும் முதுகிலும் கால்களிலும் வரும். மாநிறமும் கருநிறமும் உடையவர்களுக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே மிகுதியும் தோன்றுகிறது. இவ்வகைக்கு வெயில் காரணமன்று. ஜமைக்கா நாட்டு இசைக்கலைஞர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் இது கண்டறியப்பட்டது. கால்பந்து ஆடும்போது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. விரலை நீக்குமாறு கூறப்பட்ட அறிவுரையை அவர் ஏற்கவில்லை. நோய் உடலெங்கும் பரவி, 1981 மே 11ஆம் நாள், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மாங்காட்டில் வாழும் ஒரு பெரியவரை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டா, எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவர் அவர். வயது அறுபத்தைந்து. குதிகாலின் அடியில் ஒரு கரும்புள்ளி. கல் குத்திய இரத்தக்கட்டு என்று ஓராண்டு கழிந்தது. கால் ஆணி என்று மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டியதில் மற்றோராண்டு கழிந்தது. நகம் வெட்டிவிட அமர்ந்த பேத்தி, "தாத்தா, இது போன தடவையைவிடப் பெரிதாக இருக்கிறதே" என்றபோதுதான் வீட்டார் கவனித்தனர். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்னும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். உள்ளங்காலின் தோலில் கைரேகை போன்று மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. நிறம் பள்ளங்களில் படிந்திருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை; மேடுகளில் படிந்திருந்தால் ஐயம் வலுக்கும். சற்று நேரம் பார்த்துவிட்டு மருத்துவர், "இதை எடுத்துச் சோதித்துவிடுவது நல்லது ஐயா" என்றார்.

அந்தச் சொல்லிலிருந்து முடிவு வரும் வரையில் அந்த வீட்டில் நிகழ்வனவே இனி வருவன.

கத்தி பட்டால் பரவுமா?

முதலில் எழும் அச்சம் இது. வீட்டில் மூத்தவர் ஒருவர் தவறாமல் சொல்வார்: "கத்தி வைத்தால் பரவிவிடும், சும்மா இருப்பதைச் சீண்டாதே." இந்த எண்ணம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால் அது தானே நீங்கும். முற்காலத்தில் நோய் முற்றிய பின்னரே மக்கள் மருத்துவமனைக்கு வந்தனர். அறுவைக்கு முன்பே நோய் உள்ளே பரவியிருந்தது. அறுவைக்குப் பின்னர் அது வெளிப்பட்டது. பின்னர் வெளிப்பட்டதால் பழி கத்தியின் மேல் விழுந்தது. மச்சத்தை முழுமையாக எடுத்துச் சோதிப்பதால் மெலனோமா பரவுவதில்லை என்பது மருத்துவ உலகின் துணிபு.

உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து மருவின் மேல் வைத்துப் பொசுக்குவது இன்றும் பல ஊர்களில் உண்டு. அழகு நிலையங்களில் மச்சத்தைச் சுட்டு எடுப்பதும் உண்டு. இவ்விரண்டிலும் சோதிப்பதற்குத் திசு எஞ்சுவதில்லை. மேலே வடு ஆறிவிடும். அடியில் இருந்தது யாது என்பது எவர்க்கும் தெரியாமற் போகும். ஆகவே எடுக்கப்படும் எந்த மச்சமும் ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை ஒரு விதியாகக் கொள்ளலாம்.

எடுக்கும் முறை எளியது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, சிறு அறுவை, சில தையல்கள், அன்றே வீடு திரும்பலாம். குருதி உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் நீரிழிவு உடையவர்களும் அதனை முன்னரே கூற வேண்டும். இரவு உணவும் நீரும் கொள்ளாத நியமம் உடையவர்களும், உபவாச நாள்களைக் கடைப்பிடிப்பவர்களும் அவ்வாறே கூறலாம். மாத்திரை வேளைகளைப் பகற்பொழுதுக்குள் அமைத்துத் தர இயலுமா என்று கேட்பதில் பிழையில்லை. கேப்சூல்களின் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளாகிய ஜெலட்டினால் ஆனது. மாத்திரை வடிவில் அதே மருந்து உண்டா என்றும் கேட்கலாம். வெளியே சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவதுதான் தீங்கு.

அந்தப் புட்டி எங்கே செல்கிறது?

எடுக்கப்பட்ட துண்டு ஃபார்மலின் நிறைந்த சிறு புட்டியில் இடப்படுகிறது. 'ஒரு துண்டைப் பார்த்துச் சொல்ல ஒரு வாரமா?' என்று பலரும் சினங்கொள்வர். அந்த நாள்களில் நிகழ்வதை அறிந்தால் சினம் தணியும்.

உயிருள்ள உடலிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பதற்குப் 'பயாப்ஸி' என்னும் பெயரை 1879இல் இட்டவர் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே. இன்றளவும் அப்பணி மனிதக் கையையும் கண்ணையும் நம்பியே நடைபெறுகிறது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும். அது ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும். எனவே முதல் நாள் அதற்கே செல்லும். அடுத்துத் துண்டை அளந்து, விளிம்புகளுக்கு மை பூசி, மெல்லிய பகுதிகளாக வெட்டுவர். பின்பு படிப்படியாகச் செறிவு கூடிய சாராயக் கரைசல்களில் அமிழ்த்தி நீரை வெளியேற்றி, உருகிய மெழுகை உள்ளே செலுத்துவர். இஃது இரவு முழுதும் நடைபெறும். மெழுகுக் கட்டியாக இறுகியதை மைக்ரோடோம் என்னும் கருவியால் 3 முதல் 5 மைக்ரான் பருமனில் சீவுவர். அது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பின், மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் உட்கட்டையிலிருந்து கிடைக்கும் ஹிமடாக்ஸிலின் என்னும் சாயமும், இயோசின் என்னும் செஞ்சாயமும் ஏற்றுவர். உயிரணுவின் கரு நீலமாகவும் ஏனையவை இளஞ்சிவப்பாகவும் தோன்றும். அதன் பின்னரே நோய்க்குறியியல் மருத்துவரின் கண்ணுக்கு அது செல்லும்.

'கூடுதற் பணம் தந்தால் இன்றே சொல்லிவிட மாட்டார்களா?' எனில், உறையவைத்து உடனே பார்க்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் உயிரணுக்களின் வடிவம் சிதைவதால் கரிய மச்சங்களுக்கு அது பொருந்தாது. இங்கு விரைவு பிழைக்கு வழி வகுக்கும்.

சில வேளைகளில் குறித்த நாளுக்குப் பின்னும் முடிவு வாராது. எஸ்-100, எச்.எம்.பி-45, மெலன்-ஏ போன்ற சிறப்புச் சாயச் சோதனைகள் தேவைப்படலாம். அல்லது மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டிருக்கலாம். மச்சத்தைக் கண்ணாடியில் பார்த்து முடிவு கூறுவது அத்துறையில் மிகக் கடினமான பணிகளுள் ஒன்று. தாமதமான முடிவு தீய முடிவு என்று பொருள் கொள்ள வேண்டா. ஒருவர் அவசரப்படாமல் பார்க்கிறார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

மனம் படும் பாடு

நோய் உறுதி என்று தெரிந்தவரை விட, தெரியாமல் காத்திருப்பவர் மிகுதியும் அல்லற்படுவது ஏன்? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கணினித் திரையில் கற்களின் அடியில் பாம்பு உண்டா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருப்பின் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்ததை விட, வரலாம் அல்லது வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதே அவர்களின் பதற்றம் உச்சத்தில் இருந்தது. வியர்வையும் கண்மணியின் விரிவும் அதனைக் காட்டின. ஆகவே அந்தப் பெரியவர் உறக்கமின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பது கோழைத்தனமன்று. மனித மூளை அமைந்த விதம் அது.

சமண நூல்கள் தியானத்தை நான்காகப் பகுத்து, முதலாவதை ஆர்த்த தியானம் என்கின்றன. வேண்டாதது வந்து சேருமோ, வேண்டியது பிரிந்துபோமோ என்று துயருற்று ஒன்றையே சுழன்று எண்ணுவது அது. விலக்கத்தக்கதாயினும் அதனையும் தியானம் என்றே வகுத்தமை கருதத்தக்கது. மனம் அங்கே சிதறவில்லை. ஒன்றிலேயே குவிந்து நிற்கிறது. அத்தகைய மனத்தை நோக்கி, 'அதையே நினைக்காதே' என்பதால் பயனில்லை. அதற்கு வேறொன்றைத் தர வேண்டும். சாமாயிகத்துக்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், என்று முன்னோர் எல்லை வகுத்தனர். அதுபோல நாளில் ஒரு பொழுதை வரையறுத்து அமைதியாக அமர்தலும், ஏனைய பொழுதில் கைக்கு ஒரு வேலை இருத்தலும் உதவும். நள்ளிரவில் கைப்பேசியில் நோயின் படங்களைத் தேடிப் பார்ப்பது மட்டும் எவர்க்கும் உதவாது.

வீட்டார் செய்யத்தக்கவை

முதலாவது, மறைக்காதிருத்தல். "அப்பாவிடம் சொல்ல வேண்டா, தாங்கமாட்டார்" என்று மருத்துவரின் அறைக்கு வெளியே பிள்ளைகள் வேண்டுவது வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்வதே. ஆயினும் உள்ளே அமர்ந்திருப்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறார். அதன்பின் அவர் தனியே அஞ்சுகிறார். பிள்ளைகள் தனியே அஞ்சுகின்றனர். வீட்டில் ஒருவரும் ஒருவரோடு பேசுவதில்லை. வங்கிக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் பற்றிப் பேச விரும்பினாலும் அவரால் இயலாது. உடல் அவருடையது; அதனைப் பற்றிய செய்தியும் அவருக்கே முதலில் உரியது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, அவ்வளவைச் சொல்வதே முறை.

இரண்டாவது, சமூகத்துக்கு அஞ்சாதிருத்தல். சிறிய சமூகம் இது. ஒரு வீட்டுச் செய்தி ஒரே நாளில் நூறு வீட்டை அடையும். பேத்திக்கு வரன் பார்க்கும் காலமாயின், 'புற்றுநோய்க் குடும்பம்' என்னும் பேச்சு எழுமோ என்று அஞ்சிச் சோதனையையே தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. மெலனோமாவில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதன்று, தொற்றுவதும் அன்று. பெரியவர் ஒருவர் காலத்தே சோதித்துக்கொண்ட குடும்பம் அறிவுடைய குடும்பம். வரன் பேசுவோர் அதனை அவ்வாறே கொள்ளத் தொடங்கினால், மறைப்பதற்குக் காரணமே இராது. இதனை மருத்துவரால் செய்ய இயலாது. இந்த அவையால் இயலும்.

மூன்றாவது, நடைமுறைச் செயல்கள். முடிவு என்று வரும், எவர் சொல்வார், நேரில் வர வேண்டுமா என்பவற்றைத் துண்டு எடுக்கும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவருடன் செல்ல ஒருவரை முடிவு செய்து, அவரே இறுதி வரை செல்ல வேண்டும். அறிக்கையின் படியை வாங்கி வைக்க வேண்டும். மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் ஆய்வுக்கூடத்தில் பாதுகாக்கப்படும். இரண்டாம் கருத்து வேண்டின் அவற்றைக் கேட்டுப் பெறலாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி ஆகிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. மாங்காடு அமைந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. புற்றுநோயால் 1969இல் மறைந்த முதலமைச்சரின் பெயரை அவர் பிறந்த ஊரருகே அது தாங்கி நிற்கிறது.

உறவினர்க்கும் ஒரு கடமை உண்டு. நலம் கேட்க நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, 'ரிசல்ட் வந்ததா?' என்று வினவுவது உதவியன்று. ஒருவேளை உணவு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, வேறு செய்தி பேசிவிட்டு வருவது உதவி.

முடிவு எதுவாயினும்

வரக்கூடிய முடிவுகள் மூன்று. தீங்கற்ற மச்சம் என்பது முதலாவது. எடுத்துச் சோதிக்கப்படும் மச்சங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே விடை. இயல்பு திரிந்தது, ஆயின் புற்று அன்று என்பது இரண்டாவது. சிலவற்றில் விளிம்பைச் சற்று விரித்து மீண்டும் எடுப்பர். மெலனோமா என்பது மூன்றாவது. அப்போதும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதே. 1970இல் அமெரிக்க மருத்துவர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ காட்டிய அளவை அது. மேற்படலத்தைத் தாண்டாத நிலையில் முழுமையாக நீக்கிவிட்டால், பெரும்பாலும் அதுவே முழுச் சிகிச்சை. 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாயினும் நம்பிக்கை மிகுதி. ஆழம் கூடக் கூட இடர் கூடும். முற்றிய நிலைக்கும் இன்று மருந்து உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றின் மேல் ஏவும் வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவர்க்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வழியில் பிறந்த மருந்துகளால் முதலில் பயன்பெற்றோர் மெலனோமா நோயாளிகளே.

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கிருந்தவை 12 படுக்கைகள். தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர் அவர். அந்நாளில் அந்நோயின் பெயரை உரக்கச் சொல்லவும் மக்கள் அஞ்சினர். மருத்துவமனையிலேயே தங்கி 2021இல் மறையும் வரை அங்குப் பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம் என்பதையே. இன்று மருத்துவமனைகள் பெருகிவிட்டன, மருந்துகள் பெருகிவிட்டன. வீட்டுக்குள் இருக்கும் அச்சம் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

அந்தப் பெரியவர் இரண்டாண்டு இழந்தார். அவர் காத்திருந்த எட்டு நாள்களை விட, எவரும் பார்க்காமல் கழிந்த அந்த இரண்டாண்டே இடர் மிக்கது. காத்திருக்கும் நாள்கள் கடினமானவைதாம். ஆயின் அவை பொறுப்புடன் ஒரு செயல் தொடங்கிவிட்ட நாள்கள்.

விழா நாள்களில் இளையோர் பெரியோரின் பாதம் தொட்டு வணங்குகின்றனர். மேற்பாதத்தைக் காணும் அக்கண்கள், மாதம் ஒருமுறை உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் காணட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். மாறியது ஒன்று தென்பட்டால், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுக. எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னால், நாளைக்கு என்று தள்ளாமல் ஒப்புக்கொள்க. முடிவு வரும் வரையில் ஒருவரையும் தனியே காத்திருக்க விடாதீர்கள்.